காலி எடை

பழத்தோடு வரும் லாரிக்கு ஓர் எடை.
கொட்டிவிட்டுத் திரும்பும் லாரிக்கு ஓர் எடை.
கழித்து, முத்திரை குத்தி, சீட்டை நீட்டுவேன்.
பகாவுக்கு வெளியே, செம்பனை ஆலையின்
கண்ணாடிக் கூண்டில் பதினெட்டு வருசம்.

டாக்டர் ஒரு பிளாஸ்டிக் குவளை கொடுத்தார்,
கோடு போட்ட ஒரு தாளும்.
குடித்தது எவ்வளவு, போனது எவ்வளவு,
அடக்க முடிந்ததா.
கணக்கு எனக்குப் புதிதா?
இரவு 2.10. நூற்றிருபது மில்லி. ஓடினேன்.
3.25. எண்பது. ஓடினேன்.
4.40. அறுபது. கதவுவரை போய்ச் சேரவில்லை.

அறுபது மில்லிக்கா இத்தனை அதிகாரம்!
நாற்பது டன் ஏறி நின்றபோதும்
என் தராசு இப்படி நடுங்கியதில்லை.

கூண்டிலிருந்து கழிப்பறைக்கு எழுபத்திரண்டு எட்டு.
மழையிலும் எண்ணியிருக்கிறேன்.
அப்பளசாமி ஹாரனை அழுத்துவான்:
“கிராணியம்மா, தராசுலயே தூங்கிட்டீங்களா?”
என் சிலுவார் எல்லாம் ஏன் கறுப்பு என்று
அவனும் கேட்டதில்லை, என் வீட்டுக்காரரும்.

கொஞ்ச நாள் மாத்திரை.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.
தண்ணீர் குடித்தால் மறுபடி எழுபத்திரண்டு.

பிறகுதான் சிரம்பான். பன்னிரண்டு புதன்கிழமைகள்.
பஸ் ஒரே ஓட்டமாய்ப் போகும், நான் போக மாட்டேன்.
கோலப்பிலாவில் இறங்கி முப்பது சென்,
அடுத்த பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம்.
காசு வாங்கும் அக்கா என்னைக் கண்டதும்
இடதுபக்கக் கதவைக் காட்டுவாள்.
அதில்தான் தாழ்ப்பாள் விழும்.

“தே-வா-குன்-சாரி” என்று
என் பெயரை நாலாய் உடைத்துக் கூப்பிடுவாள் நோர்ஹயாத்தி.
அவளிடம் எல்லாம் சொன்னேன், மலாயில்:
குழாய்ச் சத்தம் கேட்டால்,
வீட்டுச் சாவியைப் பூட்டில் நுழைத்தால்.
கூச்சத்துக்கு மலாய் தெரியாது போலிருக்கிறது.
தமிழில் அதே வாக்கியம்
தொண்டைவரை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மயிரளவு ஊசி.
கணுக்காலின் உள்பக்கம், மூன்று விரல் மேலே.
பெட்டியின் குமிழை அவள் திருகத் திருக,
மெட்டி விரலுக்குப் பக்கத்துப் பெருவிரல்
தானாகத் தலையாட்டியது.
“பாகுஸ்” என்றாள். அதுதான் நரம்பாம்.
காலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்றேன்.
இரண்டும் முதுகுத்தண்டில் ஒரே வாசல் என்றாள்.
அப்படிச் சொன்னால் புரிகிறது.
பின்கதவை யாரோ விடாமல் தட்ட,
முன்வீட்டில் கத்திக்கொண்டிருப்பவள்
வாயை மூடித் திரும்பிப் பார்ப்பாள் அல்லவா.

முப்பது நிமிடம் எறும்பு ஊரும்.
நான்காம் வாரம் ஒன்றுமில்லை.
ஆறாம் வாரம் ஒன்றுமில்லை.
பஸ் காசைக் கூட்டிப் பார்த்தேன்.

இனி வரவில்லை என்று சொல்லப் போன அன்று,
கழிப்பறையை ஒட்டிய நாற்காலியில்,
என் நாற்காலியில், இன்னொருத்தி.
கறுப்புச் சிலுவார். மடியில் பெரிய கைப்பை.
“எத்தனையாவது வாரம்?” என்று கேட்டுவிட்டேன், தமிழில்.
“இன்னிக்குத்தான்” என்றாள்.
ரொம்பினில் டீச்சராம்.
பாடத்துக்கு நடுவே எத்தனை முறை ஓடுகிறாள் என்று
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள்
கரும்பலகை ஓரத்தில் கோடு போடுகிறார்களாம்.
சிரித்தோம்.
சிரித்ததற்குத் தண்டனையாக இருவரும் எழுந்தோம்.
ஒரே கதவு.
நீ போ என்றேன்.
சுவரில் கை ஊன்றி, பெருவிரலை மடக்கி,
நின்றேன்.
நிற்க முடிந்தது.

பத்தாவது புதன் பஸ்ஸில் தூங்கிவிட்டேன்.
கண்விழித்தால் புக்கிட் பூத்துஸ் இறக்கம்.
கோலப்பிலா எப்போதோ பின்னால் போயிருந்தது.
உள்ளங்கையில் முப்பது சென், வேர்வை ஈரத்தோடு.

திரும்பும்போது இறங்கத்தான் வேண்டியிருந்தது.
“காலையில காணோமே” என்றாள் அக்கா.
அவளிடம் ஐம்பது சென் கொடுத்து
மீதி வாங்காமல் உள்ளே போனேன்.

அப்பளசாமி இன்னும் ஹாரன் அடிக்கிறான்.
இரவு இன்னும் ஒருமுறை எழுகிறேன்.
குவளையை விளக்கடியில் தூக்கிப் பிடித்து
தாளில் எழுதினேன்:
3.50. இருநூற்றெழுபது.
நடந்தேன்.